14 கொண்டை ஊசியும் ஒரு 35 லிட்டர் கேனும்

"நாடு முழுக்க வேண்டாம், மாநிலம் முழுக்கக்கூட வேண்டாம். நீலகிரிக்கு மட்டுமாவது மதுவிலக்கு கொண்டுவந்தால் என்ன?" கோத்தகிரி டீக்கடை பெஞ்சிலும் கூடலூர் பக்கத்துக் கிராம சபையிலும் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்து விழுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் தேயிலை பறிக்கும் பெண்கள். அவர்கள் வைக்கும் வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. மலை ஏறும் வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி, கெத்தை வழியாக மஞ்சூர். மைசூர்ப் பக்கம் கக்கநல்லா, நிலம்பூர்ப் பக்கம் நாடுகாணி, வயநாட்டுப் பக்கம் பாட்டவயல், தாளூர், சோலாடி. எல்லா இடத்திலும் சோதனைச் சாவடி உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கள் இறக்க அங்கே பனையும் கிடையாது, தென்னையும் கிடையாது. சுற்றுலாப் பயணியின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே வழியில் நிறுத்திப் பிடுங்குகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மேலே வரக்கூடாது. இவ்வளவும் முடிகிற ஊரில் பிராந்தியை நிறுத்த முடியாதா?

உலகத்தில் மதுவிலக்கு தோற்ற இடங்களிலெல்லாம் முதலில் சொல்லப்பட்ட காரணம் எல்லை. அமெரிக்காவுக்குக் கனடா, பின்லாந்துக்கு எஸ்தோனியக் கடல், தமிழ்நாட்டுக்குப் பாண்டிச்சேரி. நீலகிரிக்கோ கதவு போட்டுப் பூட்டுகிற மாதிரி எல்லை இருக்கிறது. மதுவிலக்கு எங்காவது ஜெயிக்குமென்றால் இங்கேதான் ஜெயிக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. பதிலைத் தேடிப் போனால் சட்டப் புத்தகத்தைவிட லிட்டர் கணக்கு அதிகம் பேசுகிறது.

கேனுக்குள் 9 பெட்டி

டாஸ்மாக்கில் விற்கும் குவாட்டர் 180 மி.லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் அதில் இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மி.லி. ஒரு பெட்டியில் 48 குவாட்டர். இப்போது தொழிற்சாலைக்குப் போகிற ஸ்பிரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 95 சதவீதம். கடத்தல் வழக்குச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் 35 லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றில் 33 லிட்டருக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 430 குவாட்டருக்கு மேல் தேறும், அதாவது 9 பெட்டி. ஒன்பது பெட்டியை லாரியில் மறைப்பது பெரிய வேலை. அட்டை, கண்ணாடி, உடைந்தால் வாசனை, உருண்டால் சத்தம். கேன் 28 கிலோதான், ஒரே ஆள் தூக்கிவிடலாம். கேரட் இறக்கிப் போன லாரி திரும்பி வரும்போது உர மூட்டையும் அரிசியும் ஏற்றி வரும். அந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு கேன் காணாமல் போய்விடும்.

அதே 33 லிட்டர் ஆல்கஹாலைக் கள்ளாகக் கொண்டுவர வேண்டுமானால், 5 சதவீதக் கணக்கில் 660 லிட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் இறக்கிய அன்றே விற்றாக வேண்டும், மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். 650 மி.லி. பீர், அது ஸ்ட்ராங் ரகமாகவே இருந்தாலும், 600 பாட்டிலுக்கு மேல். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் திருட்டுத்தனமாக 600 பீர் பாட்டில் ஏற்றப்போவதில்லை. பிடிபட்டால் தண்டனை ஒன்றே என்னும்போது, எவன் பீர் கடத்துவான்?

தடை போட்டால் குடி எவ்வளவு குறையும் என்பது ஒரு கேள்வி. மேலே ஏறப்போவது எந்தச் சரக்கு என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை மேடையில் எல்லாரும் கேட்கிறோம். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் உயிர் போவது அதில்தான்.

மலையிலேயே காய்ச்சிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். கல்வராயனும் ஜவ்வாதும் மலைதானே, அங்கே ஊறல் பேரல்களைப் போலீஸ் கொட்டிக் கவிழ்க்கும் படம் அடிக்கடி வருகிறதே! ஆனால் அவை உயரம் குறைந்த, வெயில் காயும் மலைகள். வெல்லம் கரைத்த ஊறல் பொங்குவது ஈஸ்ட்டால். அது சுறுசுறுப்பாக வேலை செய்வது 25, 30 டிகிரிச் சூட்டில். சமவெளியில் ஒரு வாரத்துக்குள் தயாராகிவிடும் பேரல், இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊட்டிப் பக்கம் பாதி வழியில் தூங்கிவிடும். அடுப்பு மூட்டினால் சோலைக்கு மேலே புகை தெரியும். புளித்த வாசனைக்கு யானையும் கரடியும் வேறு தேடி வரும். கூடலூர், பந்தலூர்ப் பள்ளங்களில் சூடு இருக்கிறது, அங்கே வேண்டுமானால் முயலலாம். மற்றபடி நீலகிரியில் தடை போட்டால் சரக்கு கீழிருந்துதான் வர வேண்டும். கீழிருந்து வருமென்றால் கேனில்தான் வரும்.

இஞ்சியின் கதை

அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நாடு தழுவிய தடை இருந்தது. அதற்கான காரணங்களில் நம் ஊர்ப் பெண்கள் சொல்வதும் இருந்தது: கூலி வாங்கியவன் வீட்டுக்கு வருவதற்குள் சாராயக்கடை வந்துவிடுகிறது. 1874-இல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் இதைத்தான் பேசியது. முதல் உலகப்போர் வந்ததும் பீர் ஆலைக்காரர்களின் ஜெர்மன் பெயர்கள் அவர்களுக்கு எதிராகத் திரும்பின. இதற்கெல்லாம் முன்பே 1913-இல் வருமான வரி வந்திருந்தது. அதுவரை சாராய வரியை நம்பி ஓடிய அரசுக்கு வேறு வருமானம் கிடைத்த பிறகுதான் தடை பற்றிப் பேசும் துணிச்சலே வந்தது.

தடை ஒன்றுமே சாதிக்கவில்லை என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொடக்க வருடங்களில் குடி பாதிக்கும் கீழே போனது என்பதே பொருளாதார ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஈரல் சுருங்கிச் செத்தவர்கள் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. விலை ஏறியதால் முதலில் விட்டவன் கூலிக்காரன். பிறகு குடி மெல்ல மேலே ஏறியது. ஏறும்போது பீராக ஏறவில்லை, ஜின்னாகவும் விஸ்கியாகவும் ஏறியது. நம் கேன் கணக்குதான்.

இந்த இடத்தில் இஞ்சிக்கு வருகிறேன். ஜமைக்கா ஜிஞ்சர் என்று ஒரு டிங்சர். வயிற்று வலிக்கு நாலு சொட்டு விடும் மருந்து, 70, 80 சதவீதம் ஆல்கஹால், மருந்துக்கடையில் சின்னப் புட்டியில் கிடைக்கும். தடைக்காலத்தில் ஏழைகளின் சரக்கு அதுதான். குடிக்க முடியாதபடி காரமாக இருக்க வேண்டும் என்று அரசு அதில் இஞ்சிச் சாரத்தின் அளவைக் கூட்டச் சொன்னது. ஆய்வாளர் வந்தால் கொஞ்சத்தைக் கொதிக்கவைத்து, மிஞ்சும் கசடை எடை போட்டுப் பார்ப்பார். விற்பவர்கள் இஞ்சியைக் குறைத்து, எடைக்கு விளக்கெண்ணெய் சேர்த்தார்கள். 1930 தொடக்கத்தில் ஒரு கூட்டம் விளக்கெண்ணெய்க்குப் பதிலாக, பிளாஸ்டிக்கை இளக வைக்கும் ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலந்தது. வாசனை இல்லை, ருசி இல்லை, எடைச் சோதனையில் தேறிவிட்டது. ஆனால் அது நரம்பை அழிக்கிற நஞ்சு. சில வாரங்களில் பல்லாயிரம் பேருக்குப் பாதம் தொங்கிப்போனது. காலை உயர்த்தி, விரல் முதலில் தரையில் பட, தட்டித் தட்டி நடந்தார்கள். பலருக்கு அந்த நடை கடைசிவரை மாறவில்லை.

தமிழ்நாட்டிலும் மதுவிலக்குக் கால ஜிஞ்சர் என்றாலே கிழவர்கள் சிரிப்பார்கள். மருந்துக்கடை டிங்சரும் மரத்துக்குப் பூசும் வார்னிஷும் இங்கேயும் தொண்டைக்குள் இறங்கியிருக்கின்றன. இரண்டு கண்டம், ஒரே இஞ்சி. யாரும் யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதில்லை. கடை மூடியிருக்கும்போது அலமாரியில் எதில் ஆல்கஹால் இருக்கிறது என்று தேடுகிற கை எல்லா ஊரிலும் ஒரே புட்டியைத்தான் எடுக்கிறது.

அரசே கலந்த நஞ்சு

தடை பற்றிய என் கருத்து புரண்ட இடம் அமெரிக்காவின் 1926, 27. தொழிற்சாலைக்குப் போகும் ஆல்கஹாலுக்கு வரி கிடையாது. குடிக்காமல் இருக்க அதில் எதையாவது கலந்து கெடுத்துவிடுவார்கள். இது தடைக்கு முன்பே, 1906 முதல் இருந்த நடைமுறை. தடை வந்ததும் அந்தக் கெட்ட ஸ்பிரிட் லாரி லாரியாகத் திருடு போனது. கடத்தல்காரர்கள் வேதியியல் படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துச் சுத்தம் செய்தார்கள். அரசு பதிலுக்குக் கலவையைக் கடுமையாக்கிக்கொண்டே போனது. 1927 தொடக்கத்தில் வந்த புதிய கலவையில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் 10 சதவீதம் வரை போகலாம். இதற்கு முந்தைய கிறிஸ்துமஸிலேயே நியூயார்க் மருத்துவமனைகளில் நஞ்சேறியவர்கள் வந்து குவிந்தார்கள், பலர் செத்தார்கள். குடித்தால் சாவான் என்று தெரிந்தே கலந்தது அரசு. குடிக்காதே என்றுதான் சொன்னோமே என்றது.

ஏன் மெத்தனால்? பிரிக்க முடியாது, அதனால்தான். குடிக்கும் ஆல்கஹாலான எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில், மெத்தனால் 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவில். இடைவெளி 13, 14 டிகிரிதான். பானையும் குழாயும் வைத்துக் காய்ச்சுகிறவனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை முழுதாகப் பிரிக்க வழியில்லை. நிறத்தில் தெரியாது, வாசனையிலும் சாதாரண மூக்குக்குப் பிடிபடாது. ஈரலுக்குள் போனதும், எத்தனாலை உடைக்கும் அதே நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் பிடிப்பது கண் நரம்பை. 10 மி.லி. உள்ளே போனாலே பார்வை போகலாம், 30 மி.லி.யில் உயிரே போகலாம்.

இதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மெத்தனால் உடனே காட்டாது. 12 மணி, 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்று வலி என்று தொடங்கும். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் ஈரல் எத்தனாலைத்தான் முதலில் கையில் எடுக்கும். பார்வை மங்குவதை நோயாளிகள் "பனி கொட்டுகிற மாதிரி" என்று சொல்வதாக மருத்துவப் புத்தகங்கள் எழுதுகின்றன. சமவெளியில் ஒருவனுக்கு விடிகாலையில் கண்ணெதிரே வெள்ளையாகத் தெரிந்தால் பயந்து எழுப்புவான். குன்னூரிலோ கைகாட்டியிலோ ஜூலை மாதத்தில் எவனுக்கு அது சந்தேகம் தரும்? மஞ்சு இறங்கியிருக்கிறது என்று போர்த்திக்கொண்டு மறுபடி படுப்பான். முறிவு மருந்து ஃபோமெபிசோல், அது இல்லாத இடத்தில் மருத்துவர் கணக்காக ஏற்றும் எத்தனால், ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்ய பைகார்பனேட், முற்றினால் டயாலிசிஸ். எல்லாமே மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கி.மீ., ஊட்டியிலிருந்து கோவை 85-க்கு மேல், மழையில் மண் சரிந்தால் கணக்கே கிடையாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்து 60 பேருக்கு மேல் செத்தபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. "பார்த்தீர்களா, தடையே இல்லாத ஊரில்தானே நடந்தது" என்று மதுவிலக்கு கேட்பவர்கள் சொல்வது நியாயமான வாதம். ஆனால் அன்று குவாட்டர் விலை 140 ரூபாயைத் தொட்டிருந்தது, பாக்கெட் அதில் பாதிகூட இல்லை. நாள் கூலிக்காரனுக்கு விலையே தடைதான், அவனைப் பொறுத்தவரை அந்தக் கடைக்கு ஏற்கெனவே பூட்டு போட்டாயிற்று. தடை ஊருக்கே போடும் பூட்டை விலை சேரிக்கு மட்டும் போடுகிறது. இரண்டுக்கும் பின்னால் வருவது ஒரே பாக்கெட்.

விற்பனை வரி வந்த வழி

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஒரே அடியாக மாகாணம் முழுக்கப் போகவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று ஒவ்வொன்றாக விரித்தார். அன்று சென்னை மாகாண வருவாயில் பெரும் பங்கு கலால், அதாவது மதுமேல் போடும் வரி. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. கள்ளுக்கடை மூடியதற்கு மளிகைக் கடையில் பணம் வாங்கினார்கள். வாதமாக அது நேர்மையானது: குடிப்பவனிடம் வாங்காவிட்டால் எல்லாரிடமும் வாங்க வேண்டும். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1971 ஆகஸ்டில் கருணாநிதி மதுவிலக்கை ஒத்திவைத்தபோது கலால் திரும்பி வந்தது. விற்பனை வரி எங்கும் போகவில்லை. சுற்றிலும் எரியும் நெருப்புக்கு நடுவே கற்பூரமாக எத்தனை நாள் இருப்பது என்று அன்று அவர் சொன்னது, கூடலூர் வரைபடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் பொருந்தும். 1974-இல் மூடினார்கள், 1981-இல் திறந்தார்கள், 1987-இல் கள்ளையும் சாராயத்தையும் மறுபடி மூடினார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

இதில் 1987-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். கள்ளுக்குப் போட்ட அந்தத் தடை இன்றும் இருக்கிறது. 5 சதவீதச் சரக்குக்குத் தடை, 42.8 சதவீதச் சரக்குக்கு அரசே கடை. அமெரிக்காவில் கடத்தல்காரன் தன் லாபத்துக்காகச் செய்ததை நாம் அரசாணையில் செய்து வைத்திருக்கிறோம். நாடுகாணி தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடைப் பலகை தொங்குகிறது. இந்தப் பக்கம் அதே கள் குற்றம். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் இது வருவதே இல்லை. கடையைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், தோட்ட லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் தூக்குங்கள், வரியைப் பாட்டிலுக்குப் போடாமல் அதற்குள் இருக்கும் ஆல்கஹாலுக்குப் போடுங்கள். கிராம சபையில் கை தூக்குகிற பெண்களிடம் இதைச் சொன்னால் சப்பென்று இருக்கும் என்று தெரியும். "என் வீட்டுக்காரர் சதவீதம் பார்த்தா குடிக்கிறார்?" என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. குளிருக்கு என்று சொல்லிக் குடிக்கிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லலாம்: சாராயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி உள்சூட்டை வெளியே விடுகிறது. சூடாகத் தெரிவது உடம்பு ஆறிக்கொண்டிருப்பதால்தான்.

பத்து ரூபாய் ஸ்டிக்கர்

மலைக்கென்று தனியாக ஒன்று செய்ய முடியாது என்பதும் இல்லை. காட்டோரம் உடைந்து கிடந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே 15 முதல் நீலகிரியில்தான் முதலில் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல், பாட்டிலில் ஸ்டிக்கர். காலியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கையில். கடை ஊழியர்களுக்குக் கூடுதல் வேலை, காலிப் பெட்டி அடுக்க இடமில்லை என்று சண்டை, உடைந்ததை வாங்க மாட்டோம் என்று தகராறு, எல்லாம் நடந்தது. ஆனாலும் பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்தது. குடிப்பவன் கொண்டு வராததைக் குப்பை பொறுக்குகிறவர் கொண்டு வந்தார். சோலையோரத்தில் போலீஸ் யாரையும் நிறுத்தவில்லை; 10 ரூபாய் நிறுத்தியது.

இப்போது சாலையோரம் கிடப்பதைப் பார்த்தே எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி அநேகமாகத் தங்குவதில்லை, யாராவது எடுத்துவிடுகிறார்கள். கக்கநல்லாவிலிருந்து மசினகுடி வரும் வழியில் தங்கிக் கிடப்பது, ஜூஸ் பாக்கெட் மாதிரி இருக்கும் கர்நாடகத்தின் 90 மி.லி. அட்டைப் பாக்கெட். சட்டைப் பையில் அடங்கும், கீழே போட்டால் உடையாது, சத்தம் வராது. அதற்கு 10 ரூபாய் தர ஆளில்லை. மான் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுப் போகிறது.